நாயோடு கேரவன்: மெல்பர்னிலிருந்து உலுரு வரை போய் வர யோசனை வேண்டும்

ராசுவின்_அம்மா · மார்ச் 3, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் நடுவில் ஆறு வாரம் லீவு போட்டிருக்கிறோம், நானும் கணவரும். போன வருடம் வாங்கிய 18 அடி கேரவனை இதுவரை கிரேட் ஓஷன் ரோடு பக்கம் இரண்டு தடவை இழுத்துப் போனதோடு சரி. இந்த முறை அடிலெய்ட், போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், உலுருப் பாறை என்று போட்டிருக்கிறோம். போகிற வழி மட்டும் 2,500 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது.

எங்கள் ராசுவுக்கு ஒன்பது வயது. கெல்பி கலப்பு. நாய் விடுதியில் ஒரு முறை நான்கு நாள் விட்டோம். நான்கு நாளும் கிண்ணத்தில் வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது என்று சொன்னார்கள். ஆறு வாரம் விட எனக்கு மனம் வரவில்லை. கணவர், "அவ்வளவு தூரம் போய்விட்டு அதனாலேயே ஒன்றும் பார்க்க முடியாமல் திரும்பி வரப் போகிறோம்" என்கிறார்.

கூட்டிப் போகலாமா? உலுருவில் நாயை உள்ளே விடுவார்களா? நாங்கள் யோசிக்காமல் விட்டது எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

மலைமுகடு · மார்ச் 3, இரவு 10.05

உலுரு–கட்டா ஜுட்டா தேசியப் பூங்காவுக்குள் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய் போன்றவை மட்டும் விலக்கு. காருக்குள்ளேயே வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். கிங்ஸ் கேன்யன் இருக்கும் வட்டார்க்கா பூங்காவும் அப்படித்தான். வழியில் வில்பீனா பார்க்க ஃபிளிண்டர்ஸ் மலைக்குத் திரும்பினாலும் அதே கதை.

நான் சில வருடமாகப் பூங்காக்களில் தன்னார்வ வேலை செய்கிறேன். நாய் நடந்து போன தடத்தில் அதன் வாசனை தங்கிவிடும். அந்தப் பக்கம் வருகிற சின்ன வாலபி, பில்பி போன்ற காட்டுப் பிராணிகள் எல்லாம் அதை வேட்டையாடும் விலங்காகத்தான் எடுத்துக்கொள்ளும். நாய் நல்ல நாயா கெட்ட நாயா என்பது அதற்குத் தெரியாது. என் கருத்து: ராசுவைத் தெரிந்த வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் பார்க்க ஆசைப்படும் இடங்களில் பாதிக்கு மேல் அது வர முடியாது.

உப்புப்புதர் · மார்ச் 4, காலை 6.48

தங்கச்சி, நான் அடிலெய்ட்டில் இருக்கிறேன். 2011 தொடக்கம் நானும் மனைவியும் கேரவனோடு உள்நாட்டுப் பக்கம் போய் வருகிறோம். இரண்டு நாய்களை அப்படியே வளர்த்து, முதலாவதை அந்த மண்ணிலேயே நடக்கவிட்டு வயதாக்கினோம். ஆகவே நான் கூட்டிக்கொண்டு போங்கோ என்றுதான் சொல்லுவேன். ஆனால் மலைமுகடு சொன்ன சட்டம் எல்லாம் சரி. பூங்காவுக்குள் நாய் இல்லை. அதில் கெஞ்சுவதற்கோ ஒளிப்பதற்கோ ஒன்றும் இல்லை.

உலுருவுக்கு வழி இருக்கிறது. பூங்காவுக்கு வெளியே யுலாரா என்கிற ஊரில் உள்ள முகாமிடத்தில், கூடார இடத்திலும் கேரவன் இடத்திலும் நாயைச் சேர்ப்பார்கள். தனியே கட்டிவிட்டுப் போக முடியாது. ஒருவர் விடியப் போங்கோ, மற்றவர் பின்னேரம் போங்கோ. அங்கிருந்து பாறை ஏறக்குறைய 20 கிலோமீற்றர். நாங்கள் அப்படித்தான் பார்த்தோம். ஒரே சூரியோதயத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கவில்லை என்பது உண்மை. அது பெரிய நட்டமாக எனக்குத் தெரியவில்லை. அல்லது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரண்டு மூன்று நாள் நாய் விடுதியில் விட்டுப் போகலாம். ஜூன், ஜூலை சனம் கூடிய காலம், இப்பவே பதிந்து வையுங்கோ.

இனி நீங்கள் யோசிக்காததைச் சொல்கிறேன். 1080. "டென்-எய்ட்டி" என்பார்கள். காட்டு நாய்க்கும் நரிக்கும் வைக்கிற விஷம். இறைச்சித் துண்டில் ஏற்றி, பண்ணைப் பாதை ஓரமாகவும் தண்ணீர் இடங்களைச் சுற்றியும் போடுவார்கள். விமானத்தில் இருந்தும் போடுவது உண்டு. கூபர் பீடிக்குக் கிட்ட ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வேலி போகிறது பார்ப்பீர்கள், அதுதான் நாய் வேலி. 5,600 கிலோமீற்றர் அளவு நீளம். அதற்குத் தெற்கே செம்மறிப் பண்ணைகள், வடக்கே மாட்டுப் பண்ணைகள். தெற்கே ஒரு டிங்கோவும் (அந்தக் காட்டு நாய்தான்) உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான் பண்ணைக்காரரின் நோக்கம். அப்படியான ஊருக்குள்ளால்தான் ராசுவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்.

எங்களுக்கு நடந்தது. கிளெண்டாம்போ என்கிற சின்ன ஊரைத் தாண்டி, ஒரு பண்ணை வாசலுக்குப் பக்கத்தில் தேநீர் வைக்க நின்றோம். வாசலில் எச்சரிக்கைப் பலகை இல்லை. நாய் கயிற்றில்தான் நின்றது, நீளமான கயிறு. உப்புப்புதர் ஒன்றின் அடியில் மூக்கை விட்டது, வெளியே வரும்போது வாய் அசைந்தது. மனைவி ஓடிப்போய்த் தாடையைப் பிளந்து விரலை விட்டு இழுத்தா. கறுத்து, தோல் மாதிரி, உள்ளங்கை அகலம், ஒரு ஓரம் கடிபட்டிருந்தது. மிச்சம் உள்ளே போனதா இல்லையா தெரியாது. கேரவனை அந்த இடத்திலேயே கழற்றி விட்டுவிட்டு கிளெண்டாம்போவுக்குத் திரும்பினோம், அங்கேதான் ரெலிபோன் எடுத்தது. போர்ட் அகஸ்டாவில் உள்ள மிருக வைத்தியர், எப்படி வாந்தி எடுக்கச் செய்வது என்று சொல்லித் தந்து, "நிற்காமல் வாருங்கள்" என்றார். 300 கிலோமீற்றர் அளவு. மனைவி பின் இருக்கையில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தா. அது ஒவ்வொரு முறையும் வாலை ஆட்டிச்சுது. கடைசியில் அது காய்ந்த கங்காருத் தோல். ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு காரின் கதவு திறக்க முன்னம் மசில் என்கிற வாய்க்கூடு போடுவோம். ஊரில் நெல்லுச் சூடு மிதிக்கிற மாட்டுக்குப் போடுகிற கூடு ஞாபகம் இருக்கா, அதே வேலைதான்.

வெட்நர்ஸ்_சிட்னி · மார்ச் 4, பகல் 1.20

உப்புப்புதர் அண்ணா எழுதியதைப் படித்து எனக்கே கை நடுங்கிவிட்டது. கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், சிலதைச் சேர்க்கிறேன்.

1080 உள்ளே போனதும் உடம்பின் செல்கள் சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கும் வேலை நின்றுவிடும். மூளையும் இதயமும் முதலில் அடிபடும். அறிகுறி அரை மணி நேரத்தில் வரலாம், பல மணி நேரம் கழித்தும் வரலாம். வாந்தி, தறிகெட்ட ஓட்டம், ஊளை, அப்புறம் வலிப்பு. இதற்கென்று முறிமருந்து கிடையாது. அறிகுறி தொடங்குவதற்கு முன்னால் வயிற்றைக் காலி செய்தால்தான் நல்ல வாய்ப்பு. அதனால் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து, நெட்வொர்க் இல்லாத இடத்தில் என்ன செய்வது, எதைக் கையில் வைத்திருப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இணையத்தில் பார்த்ததை வைத்து நாயின் தொண்டையில் எதையும் ஊற்ற வேண்டாம்.

பலகை இல்லாத இடம் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். காகமும் நரியும் துண்டைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் போடும். விஷம் தின்று செத்த நரியைக் கடித்தாலும் நாய்க்கு ஆபத்துதான்.

வாய்க்கூடு வாங்கும்போது கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். துணியில் தைத்து வாயை இறுக்கிக் கட்டுவது வேண்டவே வேண்டாம். நாய்க்கு உடம்புச் சூடு இறங்குவதே வாயைத் திறந்து இளைப்பதால்தான். அதை அடைத்தால் வெயிலில் சுருண்டுவிடும். கூடைக்குள் வாயைத் திறக்க வேண்டும், நாக்கை நீட்டித் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆனால் முன்பக்க இடைவெளியில் துண்டு எதுவும் நுழையக் கூடாது.

இன்றிலிருந்தே பழக்குங்கள். கூடைக்குள் கொஞ்சம் தயிர் தடவி நீட்டுங்கள், அது தானாக மூக்கை விடட்டும். முதல் வாரம் பட்டையை மாட்டவே வேண்டாம்.

இன்னொன்று உண்ணி. 2020-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் முதன்முதலாக எர்லிக்கியோசிஸ் என்ற நோய் உள்ளூர் நாய்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. பழுப்பு நிற நாய் உண்ணி பரப்புவது. பிறகு ஆலிஸ் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி முழுக்கப் பரவி, தென் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதிக்கும் வந்துவிட்டது. காய்ச்சல், சாப்பாடு இறங்காமை, மூக்கில் ரத்தம் என்று வரும். சீக்கிரம் பிடித்தால் மருந்து இருக்கிறது. விட்டால் கொல்லும். ஆலிஸ் போகிறீர்கள் என்றால் மாத்திரை, கழுத்துப்பட்டை இரண்டும் எப்படிச் சேர்த்துப் போடுவது என்று கேட்டு, கிளம்புவதற்கு முன்பே தொடங்க வேண்டும். தினமும் சாயங்காலம் காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் கை வைத்துத் தடவிப் பாருங்கள்.

பூனைக்காரன் · மார்ச் 4, இரவு 8.31

நாய்க்காரர்களுக்கு நடுவில் நான். எங்கள் பூனை இதுவரை நல்லார்பார் சமவெளி தாண்டி பெர்த் வரை வந்திருக்கிறது. பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் 146 கிலோமீட்டர் ஒரு வளைவு கூட இல்லாத ரோடு, அது முழுக்கத் தூங்கியது.

பூனைக்கு ஒரே விதி: காருக்கும் கேரவனுக்கும் நடுவில் கையில் தூக்கிப் போகவே கூடாது. கூண்டில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு ரோட்ஹவுஸில் (நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையம்) ரோட் டிரெயின் (பல பெட்டி இழுக்கும் லாரி) ஒன்று பிரேக்கிலிருந்து காற்றை விட்டது. தோளில் இருந்த பூனை என் கழுத்தைக் கீறிக்கொண்டு பாய்ந்துவிட்டது. டீசல் தொட்டிக்குப் பின்னால் நான்கு மணி நேரம். வெளியே ஒரு பூனை தப்பினால் அது மட்டும் தொலைவதில்லை, அந்தச் சுற்றுவட்டப் பல்லி, பறவை எல்லாவற்றுக்கும் கேடு.

ஓடும்போது கேரவனுக்குள் எந்தப் பிராணியையும் விடாதீர்கள். சாமான் விழும், உள்ளே சூடாகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. காரில், பட்டை மாட்டி, பின் இருக்கையில்.

ராசுவின்_அம்மா · மார்ச் 5, காலை 7.15

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. 1080 என்ற பெயரையே நேற்றுத்தான் கேள்விப்படுகிறேன். இரவு தூக்கம் இல்லை. ஆனால் முன்பே தெரிந்தது நல்லது.

ஒரு சந்தேகம். கேரவனில் ஏசி போட்டுவிட்டு ராசுவை இரண்டு மணி நேரம் உள்ளே விட்டுப் போகலாமா? அப்படி விடுபவர்கள் நிறைய என்று படித்தேன்.

மலைமுகடு · மார்ச் 5, காலை 9.02

முகாமிடத்தின் மின்சாரத்தை நம்பி விடுகிறீர்கள். பக்கத்து ஆள் கெட்டிலைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தால்? ஊருக்கே கரண்ட் போனால்? கோடையில் மூடிய கேரவன் அடுப்புதான். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. அது நீங்கள் போகும் வழிக்குப் பக்கத்து ஊர்.

உப்புப்புதர் · மார்ச் 5, காலை 9.40

அவர் சொல்வது சரி, ஆனால் நீங்கள் போவது ஜூனில். பகல் 20 டிகிரியைச் சுற்றி இருக்கும். அப்போது சூட்டை விடக் குளிர்தான் கவனம். ஆலிஸில் ஜூலை இரவுகளில் பூச்சியத்துக்குக் கீழே போகிற நாட்கள் உண்டு, கிண்ணத்துத் தண்ணீர் விடிய உறைந்திருக்கும். ஒன்பது வயது நாய்க்கு மூட்டு பிடிக்கும். தரையில் படுக்கவிடாமல் மெத்தை போடுங்கோ.

தனியே விடுவதில் என் எண்ணம்: நாய் குரைத்தால் பக்கத்தில் உள்ள சனத்துக்கு இடைஞ்சல், அதனால்தான் பல இடங்களில் தடை. ஒருமுறை ஒரு முகாமிடத்தில் பதியும்போது நாய் சரி என்றார்கள். வந்து இறங்கிய பிறகு பள்ளி விடுமுறையில் நாய் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இருட்டுகிற நேரம், கங்காரு பாய்கிற நேரம், கேரவனை இழுத்துக்கொண்டு அடுத்த தரிப்பிடம் தேடிப் போனோம். அன்றைக்கு முடிவு செய்தது: ரெலிபோனில் கதைத்தது காணாது, நாயின் இனமும் நிறையும் எழுதி, பதில் எழுத்தில் வாங்க வேண்டும்.

எடையைப் பற்றி ஒரு வரி. நாய்க்கென்று நீங்கள் கூட்டி ஏற்றுகிற தண்ணீர், தீனி, கூண்டு, கம்பித்தடுப்பு எல்லாம் சேர்ந்தால் 60, 70 கிலோ ஓடிவிடும். ஏற்றி முடித்த பிறகு காரையும் கேரவனையும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கோ.

முயல்வீடு · மார்ச் 5, மாலை 6.10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் முயல். கேரவனில் குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் பக்கம் போக ஆசை. இதே மாதிரி கூண்டு வைத்துப் போகலாமா?

வெட்நர்ஸ்_சிட்னி · மார்ச் 5, மாலை 6.44

குயின்ஸ்லாந்துக்குள் கொண்டு போகாதீர்கள்! அங்கே முயலைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பதே குற்றம், அபராதம் மிகப் பெரியது. எல்லையைத் தாண்டும் பயணமாக இருந்தாலும் சரி. முயலை வீட்டில் யாரிடமாவது விடுங்கள்.

டார்வின்மழை · மார்ச் 6, இரவு 11.27

ஆலிஸோடு நிற்காமல் வடக்கே வரலாம் என்று தோன்றினால் இதையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். கேத்ரின் என்ற ஊரைத் தாண்டினால் தண்ணீர் இருக்கும் எந்த இடத்திலும் முதலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் கரையில் நின்று தண்ணீர் குடிப்பது அதற்கு விருந்துக்கு அழைப்பு. கயிற்றின் மறுமுனையில் நீங்களும் நிற்பீர்கள் என்பதை மறக்காதீர்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் போகாமலே வாளியில் கொடுங்கள்.

அப்புறம் கேன் டோட். 1935-ல் கரும்பு வண்டுக்காகக் குயின்ஸ்லாந்தில் கொண்டு வந்து விட்ட தேரை, இப்போது டார்வின் முழுக்க, கிம்பர்லி வரை. நாய் கவ்வினால் எச்சில் நுரைக்கும், ஈறு சிவக்கும். குழாய்த் தண்ணீரை வாய்க்குள் அடிக்காதீர்கள், விஷம் தொண்டைக்குள் இறங்கிவிடும். ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் வெளிப்பக்கமாகத் துடையுங்கள், துணியை அலசி அலசித் துடையுங்கள், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இருட்டிய பிறகு இங்கேயும் அந்த வாய்க்கூடு உதவும்.

ராசுவின்_அம்மா · மார்ச் 8, இரவு 9.50

நானும் அவரும் பேசினோம். வடக்கே போகவில்லை. ஊட்னடாட்டா டிராக் என்ற மண் ரோட்டையும் இந்த முறை விட்டுவிட்டோம். நெடுஞ்சாலையிலேயே போய் வருகிறோம், ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, நான்கு மணிக்குள் நின்றுவிடுவது. வாய்க்கூடு வந்துவிட்டது. ராசு தயிரை நக்கிவிட்டு என்னைப் பார்க்கிறது.

மலைமுகடு அண்ணா, உங்கள் கவலை புரிகிறது. பூங்கா எதிலும் அதைக் கூட்டிப் போக முயற்சி செய்யமாட்டோம். வழியில் சாலை ஓரத்தில் கூடக் கயிறு இல்லாமல் விடமாட்டேன்.

மலைமுகடு · மார்ச் 9, காலை 8.20

அது போதும் எனக்கு. முதலில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். நல்லபடியாகப் போய் வாருங்கள். கழுத்துப்பட்டைத் தகட்டில் வீட்டு எண் வேண்டாம், கையில் இருக்கும் மொபைல் எண் போடுங்கள். மைக்ரோசிப் பதிவில் இருக்கும் எண்ணும் அதுவேதானா என்று பார்த்துவிடுங்கள்.

ராசுவின்_அம்மா · ஆகஸ்ட் 11, இரவு 8.05

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ராசு நலம். உப்புப்புதர் அண்ணாவின் கிளெண்டாம்போ தாண்டும்போது நானே அறியாமல் கை பின் இருக்கைக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் ஒரு பண்ணை வாசலில் சிவப்பு எழுத்தில் 1080 பலகை பார்த்தோம், தேதி எழுதியிருந்தார்கள். அங்கே இறங்கவே இல்லை. ரோட்ஹவுஸ் சிமென்ட் தரையில் மட்டும் இறக்கினோம், அதுவும் வாய்க்கூட்டோடு. லாரி டிரைவர் ஒருவர், "கடிக்குமா?" என்று கேட்டார். காரணம் சொன்னேன். அவர் தன் நாயை அப்படி இழந்ததைச் சொன்னார். குனிந்து ராசுவின் காதைத் தடவிவிட்டுப் போனார்.

யுலாராவில் மூன்று இரவு. விடியற்காலை அவர் போனார், சாயங்காலம் நான் போனேன். நான் தனியாக நின்று அந்தப் பாறை சிவந்து, ஊதாவாகி, இருட்டில் கரைவதைப் பார்த்தேன். அவர் கேரவன் வாசலில் ராசுவோடு உட்கார்ந்து அதே வானத்தைப் பார்த்திருக்கிறார். இரவு முழுக்க அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம், நீ என்ன பார்த்தாய், நான் என்ன பார்த்தேன் என்று.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று, நெருஞ்சி. நம்ம ஊர் நெருஞ்சியேதான், இங்கே கேட்ஹெட் என்கிறார்கள். சாலை ஓரம் எல்லாம் காய்ந்து கிடக்கிறது. முதல் நாள் ராசு மூன்று காலில் நின்றுவிட்டது. புருவத்துக்கு வைத்திருந்த சிமிட்டாவால் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன், ஒரு பாதத்தில் மட்டும் ஏழு. இனி போகிறவர்கள் நல்ல முனையுள்ள சிமிட்டா இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று காரில், ஒன்று கேரவனில்.

இப்போது கார் சாவி சத்தம் கேட்டால் ராசு ஓடிப்போய் வாய்க்கூட்டைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போடுகிறது. பூங்கா வரைக்கும் நடக்கத்தான் போகிறோம் என்றாலும் கொண்டு வருகிறது.

முள்ளுக்காக நாய் பூட்ஸ் இரண்டு செட் ஆலிஸில் வாங்கினேன். ஒன்றை ராசு பத்து நிமிடத்தில் கழற்றிப் போட்டது, மற்றொன்று பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. நடுத்தர அளவு. மெல்பர்ன் மேற்குப் பக்கம் யாருக்காவது வேண்டும் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன்.

உப்புப்புதர் · ஆகஸ்ட் 12, காலை 6.30

வடிவாகப் போய் வந்திருக்கிறீர்கள் தங்கச்சி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த லாரிக்காரர் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டா. பூட்ஸை எங்களுக்கு வையுங்கோ, செப்டம்பரில் மெல்பேர்ன் வருகிறோம்.